பூ மார்க்கெட்ல கேமரா தூக்கலாமா?

கேள்வி: சார், நான் பெங்களூரு சிவாஜிநகர். ஞாயித்துக்கிழமை ஆனா விடிகாலைல கே.ஆர். மார்க்கெட் போயி போட்டோ எடுப்பேன். போன வாரம் செண்டுமல்லிக் குவியலுக்கு நடுவுல ஒக்காந்திருந்த ஒரு பூக்கார அக்காவ எடுத்தேன், நம்ம தமிழ் அக்காதான், “யாரக் கேட்டுய்யா எடுத்த, அழி மொதல்ல”ன்னு சத்தம் போட்டுட்டாங்க, பக்கத்துக் கடைக்காரர் போனையே புடுங்க வந்துட்டாரு. பொது எடத்துல எடுக்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இருக்கு தம்பி. தெருவுல நிக்கிறவங்கள கேக்காம எடுக்கவே கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் கெடையாது, போனப் புடுங்க அந்தக் கடைக்காரருக்கு அதிகாரமும் கெடையாது. அதுக்காக காலரத் தூக்கி விட்டுக்காதீங்க. 2017ல புட்டசாமி கேஸ்ல (அவரு நம்ம கர்நாடகா ஹைகோர்ட்டு ரிட்டயர்டு ஜட்ஜுதான்) சுப்ரீம் கோர்ட்டு ஒம்பது ஜட்ஜுங்க ஒக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னப்பவே, பொது எடத்துக்கு வந்துட்டா மட்டும் அது போயிடாதுன்னும் சொல்லிட்டாங்க. அதுக்கும் முன்ன 1994ல ஆட்டோ சங்கர் கேஸ் தீர்ப்புல, ஒருத்தர் உருவத்த சம்மதம் இல்லாம விளம்பரத்துக்குப் போட்டா அது அத்துமீறல்னு இருக்கு. அதாவது அக்கா படத்த உங்க லேப்டாப்ல வெச்சுக்கறது ஒண்ணு, ஊதுபத்தி கம்பெனிக்கு விக்கறது வேற.

இன்னொண்ணு, எந்த ஆங்கிள்ல எடுத்தீங்க? அவங்க குனிஞ்சு பூ அள்ளும்போது ஜூம் பண்ணி வெளிய தெரியக் கூடாத அந்தரங்க பாகத்த எடுத்தா ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66இ பிரிவு பாயும், பொது எடம்னு சால்ஜாப்பு சொல்ல முடியாது, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேந்தும் வரலாம். உங்க போட்டோ அப்படி இல்லன்னு நம்புறேன், ஆனா போன் பின்பக்கத்த மட்டும் பாக்குற அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? ரீல்ஸ்ல போயி ஊரே சிரிக்குமோன்னுதான் கத்துறாங்க. நானா இருந்தா அங்கயே அழிச்சிருப்பேன், சட்டத்துக்காக இல்ல, அடுத்த ஞாயிறும் அதே மார்க்கெட்டுக்குப் போகணுமே.

கேள்வி: மெட்ரோல ஒருத்தன் எனக்குத் தெரியாம வீடியோ எடுத்து இன்ஸ்டால போட்டுட்டான். ட்ரெஸ்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. கம்ப்ளைன்ட் எடுப்பாங்களா?

பதில்: தாராளமா குடும்மா. 2025 மே மாசம் நம்ம மெட்ரோல பொண்ணுங்கள இப்படி எடுத்துப் போட்ட ஆள பெங்களூரு போலீஸ் அரெஸ்ட் பண்ணாங்க. பொண்ணோட மானத்த கெடுக்கற நோக்கத்துல அந்தரங்கத்துல தலையிட்டா பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டம்) 79வது பிரிவு இருக்கு. மொதல்ல லிங்க், ஸ்க்ரீன்ஷாட், அக்கவுன்ட் பேரு எல்லாம் சேவ் பண்ணு, அவன் டெலீட் பண்றதுக்குள்ள. அப்புறம் ஆப்ல ரிப்போர்ட் அடிச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போ, தனியா போகாம வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போ.