நான்கு நாடுகளில் சிதறி வாழும் லிசு மக்களின் மொழி எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது?

"தனி நாடோ அரசோ இல்லாத லிசு மக்களின் மொழி எப்படித் தாக்குப்பிடித்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துமுறைகள்மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. லிசுவிடம் என்னை இழுத்ததும் அதன் எழுத்துதான். என் பதிலும் அதுதான்.

லிசு திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுவோர் சுமார் பத்து லட்சம் பேர். பெரும்பாலானோர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், சால்வீன் ஆற்றின் செங்குத்தான பள்ளத்தாக்கை ஒட்டி வாழ்கிறார்கள். மலைச்சரிவில் காடு திருத்தி மக்காச்சோளமும் மலைநெல்லும் பயிரிட்ட மக்கள், மண் சத்திழந்தபோது புதிய நிலம் தேடி நகர்ந்தார்கள். அப்படித்தான் மியன்மாரின் கச்சின், ஷான் மாநிலங்களுக்கும் வட தாய்லாந்துக்கும் பரவினார்கள். எல்லைக்கோடுகள் பிறகு வந்தன. இந்தியாவிலும் இருக்கிறார்கள்: அருணாசலப் பிரதேசத்தின் சாங்லாங் மாவட்டத்தில், மியன்மார் எல்லையோரமுள்ள விஜயநகர் பகுதியில். அங்கே அவர்களுக்கு யோபின் என்றும் பெயர்.

இனி எழுத்து. 1915ஆம் ஆண்டை ஒட்டி சாரா பா தா என்ற, மியன்மாரின் கரேன் இனத்தைச் சேர்ந்த கிறிஸ்தவப் போதகர் இதற்கு அடித்தளமிட்டார். யுன்னானில் ஊழியம் செய்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஃப்ரேசர் அதைச் செம்மைப்படுத்தினார். 'ஃப்ரேசர் எழுத்து' என்றே உலகம் அழைக்கிறது. பா தாவின் பெயர் பின்னுக்குப் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அவர்கள் புது வடிவம் எதையும் வார்க்கவில்லை. ரோமன் பெரிய எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். போதாத ஒலிகளுக்கு அதே எழுத்துகளைத் திருப்பிப் போட்டார்கள். 'T' நேராக நின்றால் 'த'. தலைகீழாக நின்றால் மூச்சுக்காற்று சேர்ந்த 'த'. ரோமன் அச்செழுத்து வைத்திருக்கும் எந்த அச்சகமும் ஈய எழுத்தைக் கவிழ்த்து வைத்தே லிசு நூலை அச்சிட்டுவிடலாம்! லிசுவில் ஒரே அசை குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறு சொல்லாகிவிடும். அந்த ஆறு தொனிகளுக்கும் புள்ளியையும் காற்புள்ளியையும் சேர்த்தும் மாற்றியும் பயன்படுத்தினார்கள். புள்ளி அப்படித் தீர்ந்துபோனதால், வாக்கியத்தை முடிக்கச் சமக்குறி வந்தது. நம் 'க'வுக்குள் அகரம் இருப்பதுபோல, லிசுவிலும் உயிரெழுத்து சேராத மெய் அகரத்தோடுதான் ஒலிக்கும். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி மாளாது.

1930களில் பைபிளின் புதிய ஏற்பாடு இந்த எழுத்தில் வெளிவந்தது. பாட்டுப் புத்தகங்களும் வந்தன. பள்ளிக்கூடமே இல்லாத மலையூர்களில் மக்கள் தேவாலயத்தில் வாசிக்கக் கற்றார்கள். கிளைமொழிகள் வேறுபட்டாலும், எல்லைக்கு இருபுறமும் ஒரே எழுத்துநடை பொதுவானது. மொழியை நிறுத்திய வலுவான கயிறு இதுவே என்பது என் உறுதியான எண்ணம். 1950களில் சீன அரசு வேறொரு ரோமன் எழுத்துமுறையைக் கொண்டுவந்தும் பழையது மறையவில்லை. 1992இல் அரசே அதை அங்கீகரித்தது.

வெளியாரின் துணையின்றியும் ஒரு முயற்சி நடந்தது. யுன்னானின் வெய்சியைச் சேர்ந்த விவசாயி வாங் ரென்போ, 1920களில் அசைக்கு ஒரு குறியாக ஆயிரத்தைத் தாண்டிய குறிகளைத் தாமே உருவாக்கித் தம் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார். அது பரவவில்லை. ஆனாலும் லிசுவைப் பற்றிப் பேசும் எவரும் அவரை விட்டுவிடக் கூடாது.

"அழியும் மொழியா?" என்றும் கேட்டிருந்தீர்கள். சீனாவிலும் மியன்மாரிலும் உடனடி ஆபத்து இல்லை. தாய்லாந்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அங்கே பிள்ளைகள் தாய்லாந்து மொழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். லிசு எழுத்தோ பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களோடு நின்றுவிட்டது. மூதாதையர் வழிபாட்டைத் தொடரும் லிசு வீடுகளில் மொழி பேச்சளவில்தான் வாழ்கிறது. எழுத்தைச் சமய வேறுபாடு கடந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுசேர்ப்பதே அங்கே முதல் வேலை.

2009இல் யூனிகோடில் லிசு எழுத்துகளுக்குத் தனி இடம் கிடைத்தது. அதனால் கைப்பேசியிலும் எழுத முடிகிறது. பார்க்க விரும்பினால் 'நோட்டோ சான்ஸ் லிசு' என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கும்.