பெண்கள் ஜூனியர் கால்பந்து: பிறந்த தேதி, இனிஷியல், பந்துக்குள் காற்று

தெற்காசிய நாடுகளின் ஜூனியர் பெண்கள் அணிகள் மோதும் சாஃப் கோப்பை பற்றியும், அதுபோன்ற போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பற்றியும் சேலம் பக்கத்துப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கேட்டவை.

அம்மாபேட்டையிலிருந்து: மகள் டிசம்பர் 28-இல் பிறந்தவள். நாலு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இன்னொரு வருஷம் ஜூனியரில் ஆடலாம் என்கிறார்களே, உண்மையா மேடம்?

உண்மைதான். ஆட்டத்தன்று என்ன வயது என்று பார்ப்பதில்லை, பிறந்த வருடம்தான் கணக்கு. 2022-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு 2005 ஜனவரி 1 முதல் 2007 டிசம்பர் 31 வரை பிறந்தவர்களே தகுதி. 2004 டிசம்பர் 28 என்றால் வெளியே. 2008-இல் பிறந்த பெண்ணும் வெளியே. கீழேயும் ஒரு எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தேதியை 'சரி செய்து தருகிறேன்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்க்கும் டி.டபிள்யூ 3 முறையில் பெண் பிள்ளைகளுக்கு 15 வயதோடு அளவுகோல் முடிந்துவிடும். பையன்களுக்கு 16½ வரை போகும். ஆகவே 16 வயதுப் பெண்ணுக்கு எக்ஸ்ரே சாதகமாகவும் பேசாது, பாதகமாகவும் பேசாது. எல்லாச் சுமையும் பிறப்புச் சான்றிதழின் மேல்தான். பிறந்து பல வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழ் என்றால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் கூடவே வைத்திருங்கள்.

ஆத்தூரிலிருந்து: பள்ளியில் 'கே. பவித்ரா', ஆதாரில் 'பவித்ரா கு', பாஸ்போர்ட்டுக்கு என்ன எழுதுவது?

நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது. 'பவித்ரா குமார்' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். அந்த வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஆதாரை மாற்றி, பாஸ்போர்ட் எடுத்து, கடைசியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற ஆட்டக்காரர் பதிவில் அதே எழுத்துகளில் ஏற்றுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மூன்று இடத்திலும் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் என்பதால் அப்பா அம்மா இருவரும் அனெக்சர் டி என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சிறார் பாஸ்போர்ட் 5 வருடம் அல்லது 18 வயது, எது முந்துகிறதோ அதுவரைதான். 15 தாண்டியவளுக்குப் பத்து வருடப் பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம், அதுதான் நல்லது. நேபாளத்துக்கும் பூடானுக்கும் நமக்கு விசா வேண்டாம் என்பது சுற்றுலாக்காரர்களுக்குச் சரி. ஆட்டக்காரியின் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் நடக்காது.

மேட்டூரிலிருந்து: 2024 தாக்கா இறுதியாட்டத்தில் காசு சுண்டி இந்தியா ஜெயித்தது, பிறகு கோப்பையைப் பங்கு போட்டார்கள். விதி என்னதான் சொல்கிறது சார்?

மேடம்தான், பரவாயில்லை. 19 வயதுக்குட்பட்டோர் சாஃப் இறுதி அது, பிப்ரவரி 8. இந்தியா முதலில் அடித்த கோலை வங்கதேசம் கடைசி நிமிடங்களில் சமன் செய்தது, 1-1. பெனால்டியில் இரு பக்கமும் கோல் கீப்பர் உட்பட பதினொருவரும் அடித்து 11-11. அதிகாரிகள் காசைச் சுண்டினார்கள், இந்தியா ஜெயித்ததாக அறிவித்தார்கள். வங்கதேசம் எதிர்க்க, பெனால்டியைத் தொடரச் சொன்னார்கள், இந்தியா இறங்கவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் கோப்பை.

கால்பந்து விதிப் புத்தகத்தில் விதி 10-இன்படி பெனால்டிச் சுற்றில் காசுக்கு இரண்டே வேலை: எந்தக் கோல் கம்பத்தில் அடிப்பது, யார் முதலில் அடிப்பது. வெற்றியைத் தீர்மானிக்க அங்கே காசு கிடையாது. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று, அதில் அடிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. தவறு காசைச் சுண்டியவர்களுடையது. எந்த அணிப் பெண்களையும் குறை சொல்ல மாட்டேன்.

இதில் பயிற்சியாளருக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் ஐந்து பேரை மட்டும் பழக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். பதினோராவதாக வருகிறவள் பெரும்பாலும் கீப்பர். வாரத்தில் ஒருநாள், ஓடிக் களைத்த பிறகு, அவளையும் 11 மீட்டரில் நிறுத்தி அடிக்கவிடுங்கள்.

ஓமலூரிலிருந்து: 2025-இல் பூடானின் திம்புவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் சாஃப் போட்டியில் கடைசி ஆட்டம் தோற்றும் இந்தியாவுக்குக் கோப்பை எப்படி?

அது இறுதியாட்டமே இல்லாத லீக். நான்கு அணிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு முறை. ஒரு ஆட்டம் மீதம் இருக்கும்போதே இந்தியப் பிள்ளைகள் முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்கள்.

ஏற்காட்டிலிருந்து: இங்கே பத்து நாள் முகாம் போட்டால் திம்பு, காத்மாண்டு உயரத்துக்கு உடம்பு பழகிவிடுமா அக்கா?

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அதற்கு நம் மலையே ஒத்திகை. திம்பு 2,300 மீட்டருக்கு மேல். அதற்கு ஏற்காடு பாதிக் கிணறுதான். ரத்தத்தில் சிவப்பணு கூட மூன்று நான்கு வாரமாவது மேலே தங்க வேண்டும். பத்து நாளில் அது வராது. காலையில் ஏறி மாலையில் சேலம் இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்திதான் மிச்சம்.

ஆனால் பந்தைப் பழகலாம், அது பெரிய லாபம். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, திம்புவில் ஏறக்குறைய கால் பங்கு. மெல்லிய காற்றில் பந்து வேகம் குறையாமல் போகும், வளைவு குறையும். சேலத்தில் இரண்டாம் கம்பத்தில் இறங்கும் கார்னர் அங்கே தலைக்கு மேல் பறந்துவிடும். கீப்பருக்கு ஒரு நாளைக்கு நாற்பது உயரப் பந்தாவது போடுங்கள்.

பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் மேலே போய்ச் சரிபாருங்கள். விதி 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. சேலத்தில் 12 பி.எஸ்.ஐ. வைத்த பந்து, வெளியழுத்தம் குறைவதால் மட்டும் ஏற்காட்டில் 2, திம்புவில் 3 ஏறிக் கல் மாதிரி ஆகும். குளிர் அதில் ஒன்றோ ஒன்றரையோ திரும்ப இறக்கும். ஆகவே அந்தந்த மைதானத்தில், பந்து வெளிக்காற்றில் அரை மணி கிடந்த பிறகு அளவு பாருங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வு ரப்பர் கிழிந்துவிடும்.

தாரமங்கலத்திலிருந்து (உடற்கல்வி ஆசிரியர்): மாணவிகளுக்கு முட்டிக் காயம் அடிக்கடி வருகிறது.

பையன்களைவிடப் பெண்களுக்கு முட்டியின் முன் தசைநார் கிழிவது அதிகம், பெரும்பாலும் யாரும் மோதாமலேயே: குதித்து இறங்கும்போதோ, சட்டென்று திரும்பும்போதோ. அவர்களைக் குதிக்கச் சொல்லி நேர் எதிரே நின்று பாருங்கள். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் அதுதான் ஆபத்து. முட்டி கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும், இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது.

காயம் தடுப்பதற்கான ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது செய்யுங்கள்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலு மற்றும் சமநிலை, 2 நிமிடம் வேக ஓட்டம். ஆட்டத்தன்று நடுப்பகுதி வேண்டாம், கால் களைத்துவிடும். பின்தொடைக்கான நார்டிக் பயிற்சி (முட்டி போட்டு, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது) தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும். உற்சாகத்தில் இருபது செய்தவள் மறுநாள் படி இறங்க மாட்டாள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: நன்றாக ஓடும் பெண், ஒரு மாதமாக இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறாள்.

பயிற்சியைக் கூட்டாதீர்கள், ரத்தசோகையா என்று பார்க்க முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் மருத்துவரிடம் போங்கள். முருங்கைக்கீரை, ராகி கொடுக்கிறீர்கள் என்றால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, அதோடு எலுமிச்சையோ நெல்லியோ சேரட்டும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.