உதிரி பாகங்களைச் சேர்த்துக் குறைந்த செலவில் 10 மீட்டர் ஏர் ரைபிள் அமைக்க முடியுமா?

பேரல், சிலிண்டர், ட்ரிகர் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் 10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் போட்டிக்கென்றே செய்த புது மேட்ச் ரைபிளைவிட மலிவாக முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. பழைய மேட்ச் ரைபிள் ஒன்றை முழுதாக வாங்கி, உங்கள் உடம்பைத் தொடும் பாகங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்.

சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதை ரெகுலேட்டர் குறைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவாக வால்வுக்கு அனுப்புகிறது. ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்த பாகங்கள் இவை. ஒரு நிறுவனத்தின் சிலிண்டர் மரை இன்னொன்றின் ரைபிளில் சேரும் என்று நம்ப முடியாது. வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது ஆபத்து. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பழையது என்றால் பேரல் தேய்ந்திருக்குமே என்று பயப்பட வேண்டாம். பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டு மென்மையானது, வேகமும் குறைவு. பார்க்க வேண்டியது காற்று கசியாமல் அடைக்கும் சீல்களையும், சிலிண்டரில் பொறித்த தேதியையும்தான். பல தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்கு 10 ஆண்டு ஆயுள்தான் சொல்கிறார்கள். அதைத் தாண்டியிருந்தால் புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிலிண்டர் தொல்லையே வேண்டாம் என்றால் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தின் 600 வரிசை மாதிரி, பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை இழுத்துச் சுடும் பழைய ரைபிள்கள் இருக்கின்றன. அருமையான துல்லியம். ஆனால் போட்டியில் 60 ஷாட்டுக்கும் இழுக்க வேண்டும், கை சோர்ந்துவிடும்.

சரி, எதை மாற்றலாம்? கன்னத்தாங்கி, தோள்தட்டு, கைப்பிடி. கழுத்தை வளைக்காமல் தலை நிமிர்ந்து நிற்கும்போது கண் தானாகவே குறிபார்க்கும் பின் சைட்டின் துளைக்கு நேராக வர வேண்டும். தலையை ரைபிளிடம் கொண்டுபோகக் கூடாது, ரைபிள்தான் தலையிடம் வர வேண்டும். இந்த ஒன்று சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ரைபிளும் உதவாது. சைட் மோசமாக இருந்தால் அதையும் மாற்றலாம். மேட்ச் சைட்டுகள் பொதுவாக 11 மில்லிமீட்டர் ரெயிலில் உட்காருபவைதான். எதை மாற்றினாலும் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டினால் போட்டியில் அனுமதி இல்லை.

மிச்சப் பணத்தைப் பெல்லட்டில் போடுங்கள். இலக்கின் மையப் பொட்டு 0.5 மில்லிமீட்டர்தான், பெல்லட்டின் விட்டம் 4.5. அதே பெல்லட்டே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவில் வித்தியாசப்படும், உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரைபிளை ஸ்டாண்டில் இறுக்கி வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்து சுட்டு, துளைகள் நெருக்கமாக விழுவதை மொத்தமாக வாங்குங்கள். இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட்டை முதலில் வாங்குங்கள், அதற்கான ட்ரவுசர் பிறகு பார்க்கலாம். உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவதற்கு செலவே கிடையாது. இதற்கென்றே தனி அமைப்பு உள்ள ரைபிளாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ரைபிளில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், பிஸ்டன் சீல் கெட்டுவிடும்.