புதுப் பெயிண்டிலும் பாசி ஏறுவது ஏன்?

கேள்வி: வெளிச்சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சுரண்டிவிட்டு, பூஞ்சை பிடிக்காது என்று சொல்லப்பட்ட பெயிண்டை அடித்தோம். இப்போது அதே இடங்களில் திரும்ப வந்துவிட்டது. இன்னும் உயர்ந்த ரகப் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: பெயிண்ட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். "அதே இடங்களில்" என்று எழுதியிருக்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான். சுவர் முழுக்கப் படராமல் குறிப்பிட்ட இடத்திலேயே பாசி திரும்பினால், அங்கே எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பாசி, பூஞ்சையின் நுண்வித்துகள் எப்போதும் காற்றில் மிதப்பவை. அவற்றைத் தடுக்க முடியாது. நனைந்த சுவர் சீக்கிரம் காய்ந்துவிட்டால் வித்து விழுந்தாலும் பிழைக்காது.

அடுத்த மழையில் குடையோடு வெளியே போய் அந்தச் சுவரைப் பத்து நிமிடம் பாருங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் விளிம்புக்கு வரும் தண்ணீர் சொட்டாமல், அடிப்பக்கமாக மடங்கிச் சுவரை நோக்கி ஓடுகிறதா? பாசிக் கோடுகள் அதன் கீழேதான் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இறங்கும். இதைத் தடுக்கவே சன்ஷேடின் அடியில் விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு வரிப்பள்ளம் விடுவார்கள். பெயிண்ட் வேலையின்போது அதில் பட்டிக் கலவையை அப்பி மூடிவிடுவதும் நடக்கிறது. பள்ளத்தைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பு உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஏசி தண்ணீர்க் குழாய், தொட்டி வழியும் குழாய், சுவரை உரசி நிழல் கட்டும் செடிகள், இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

புதுச் சிமென்ட் பூச்சில் ஏன் பாசி வருவதில்லை என்று பலர் கேட்பார்கள். புதுச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பி.எச். 12-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை மெல்ல மெல்லக் குறைத்த பிறகுதான் பாசி குடியேறும்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? காய்ந்த பாசியை அப்படியே சுரண்டாதீர்கள், வித்துகள் பறந்து பக்கத்துச் சுவருக்கும் போகும். முதலில் கொல்ல வேண்டும். வீட்டு உபயோக ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து, கீழிருந்து மேலாகத் தடவி, கால் மணி நேரம் காயாமல் வைத்திருங்கள். அப்புறம் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ப்ளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறைத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலையே தாக்கும். வேகமாகப் பீய்ச்சும் மெஷினும் வேண்டாம், அது பூச்சுக்குள்ளேயே தண்ணீரை ஏற்றிவிடும்.

கறுப்பாக இருப்பது பூஞ்சையா, வெறும் அழுக்கா என்று சந்தேகமா? ஒரு சொட்டு ப்ளீச் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் உயிருள்ளது, வெளுக்காவிட்டால் பெரும்பாலும் புகைக் கரி. வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் அது உப்பு. அதற்கு ப்ளீச் பயன்படாது, ஓதம் வரும் வழியைத்தான் அடைக்க வேண்டும்.

கழுவிய கையோடு பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட் ஏமாற்று இல்லை. அதிலுள்ள மருந்து தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு மழையும் அதில் ஒரு பங்கைக் கழுவிக்கொண்டு போகும். தண்ணீர் ஓயாமல் ஓடும் இடத்தில் அது முதலில் தீர்ந்ததில் வியப்பில்லை. வழியும் இடங்களைச் சரி செய்துவிட்டு, போன முறை அடித்த அதே ரகத்தையே பிரைமரோடு இரண்டு கோட் அடியுங்கள்.