ஏழு எங்கே உட்காரும்?

கேள்வி: தினமும் பேப்பரில் வரும் சுடோகு போடுவேன். எளிதானது என்றால் சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும், கஷ்டமானது பாதியில் நின்றுவிடுகிறது. வரக்கூடிய எண்களையெல்லாம் பென்சிலால் எழுதி எழுதி, கடைசியில் கட்டம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடுகிறது. 'பேட்டர்ன் பாருங்க ஆச்சி' என்கிறாள் பேத்தி. அப்படி எதைத்தான் பார்க்க வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தக்கலை

பதில்: அந்த எறும்புதான் பிரச்சினையே, டீச்சர். காலிக் கட்டத்தை முறைத்துக்கொண்டு 'இங்கே என்ன வரும்' என்று கேட்டால் ஐந்தாறு பதில் வரும், அத்தனையையும் எழுதினால் எதுவும் கண்ணில் தட்டுப்படாது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: ஒன்பது கட்டங்கள் கொண்ட இந்தப் பெட்டியில் 7 எங்கே உட்காரும்? ஒரு வரிசையிலும் நெடுவரிசையிலும் பெட்டியிலும் எந்த எண்ணும் ஒரு தடவைதான் வரும் அல்லவா. மேலே அடுத்தடுத்து மூன்று பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, முதல் பெட்டியில் 7 முதல் வரிசையிலும் இரண்டாம் பெட்டியில் இரண்டாம் வரிசையிலும் இருந்தால், மூன்றாம் பெட்டியின் 7 மூன்றாம் வரிசையில்தான் வந்தாக வேண்டும். அங்குள்ள மூன்று கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வேலை முடிந்தது. ஒன்பது எண்களுக்கும் இப்படி ஒரு சுற்று, அப்புறம் நெடுக்கு வாட்டில் ஒரு சுற்று.

பென்சிலை எப்போது எடுப்பது? ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிஞ்சும்போது மட்டும். அந்த இரண்டும் ஒரே வரிசையில் விழுந்தால், அந்த வரிசையின் மற்ற பெட்டிகளில் அந்த எண்ணுக்கு இடமில்லை. 3, 8 இரண்டுக்கும் அதே இரண்டு கட்டங்கள்தான் என்றால் இன்னும் நல்லது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ் வந்து நின்றதும் இரண்டு பேர் ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துண்டு போடுகிறார்கள் பாருங்கள், யார் ஜன்னலோரம் என்பதை ஏறின பிறகு பேசிக்கொள்வார்கள், ஆனால் மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை என்பது இப்போதே தெரிந்துவிட்டது. அந்த மூன்றாவது ஆள் போய் உட்காரும் இடம்தான் பெரும்பாலும் உங்களுக்கு அடுத்த விடை.

இதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்-விங் என்றோர் உத்தி. ஒரு வரிசையில் 4-க்கு இரண்டே கட்டம், இன்னொரு வரிசையிலும் இரண்டே கட்டம், அந்த நான்கு கட்டங்களும் அதே இரண்டு நெடுவரிசைகளில் இருக்கின்றன என்றால், அந்த நெடுவரிசைகளில் வேறெங்கும் 4 வராது. இது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று, இன்றும் பாதி நாள் கோட்டை விடுகிறேன்.

கேள்வி: வழி தெரியாதபோது குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தாராளமாக. நம் குமரி மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? ஆனால் தப்பாகப் போட்ட எண் உடனே காட்டிக்கொடுக்காது, இருபது கட்டம் தாண்டித்தான் இடிக்கும். எதுவரை அழிப்பது என்று அப்போது தெரியாது. பேனாவால் போடுகிறவர் என்றால் ஐயோ பாவம்.

கேள்வி: கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம்தானே?
– கல்லூரி மாணவி, தோவாளை

பதில்: அப்படி இல்லை. ஒரே ஒரு விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுக்க வேண்டும், 16 போதாது. அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்குவையரின் குழு 2012-இல் கம்ப்யூட்டரை ஓடவிட்டு இதை உறுதிசெய்தது. அந்த 17 எண் புதிர்களிலேயே '7 எங்கே உட்காரும்' என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறவை ஏராளம், 25 எண்களைக் கொடுத்துவிட்டுக் கழுத்தை அறுக்கிறவையும் உண்டு.