புயல் காலத்துக்கு எந்தக் கத்தி?

கேள்வி: 2018 கஜா புயலில் வாசலை அடைத்து விழுந்த கிளைகளை வெட்ட நல்ல கத்தி இல்லாமல் தவித்தோம். இந்த ஐப்பசிக்குள் ஒன்று வாங்க வேண்டும். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, தூண்டில் நரம்பு எல்லாம் உள்ள ‘சர்வைவல்’ கத்தியை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா? - வேதாரண்யம் வட்டாரத்து வாசகர்.

பதில்: வேண்டாம். பிடிக்குள் பொருள் வைக்க வேண்டுமென்றால் பிடி வெறும் குழாயாக இருக்க வேண்டும். அலகு அதற்குள் இறங்காமல் ஒரு மரையாணியில் தொற்றிக்கொண்டிருக்கும். தென்னை மட்டையில் நான்கு போடு போட்டால் அலகு தனியே பறக்கும். முதுகிலுள்ள பல், பச்சை மரத்தில் சிக்கிக்கொள்ளும். திசைகாட்டியா? வேதாரண்யத்தில் கடல் எந்தப் பக்கம் என்று குழந்தைகூடச் சொல்லும்.

உங்களுக்குத் தேவை, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஒரு வெட்டரிவாள். கயிறு அறுக்க, காய்கறி நறுக்க நான்கு அங்குலக் கத்தி ஒன்று போதும். அரிவாளின் காம்பு, அதாவது பிடிக்குள் இறங்கும் பகுதி, பிடியின் மறுமுனைவரை வந்து தட்டி மடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாயோரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் சிரமப்பட்டுக் கடித்தால் துவைச்சல் (இரும்பைக் காய்ச்சித் தோய்த்து இறுக்குவது) ஏறியிருக்கிறது. முதுகில் அதே அரம் சுலபமாகக் கடிக்க வேண்டும். முதுகும் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் ஓங்கி வெட்டும்போது உடையும். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். சந்தையில் ‘அசல் திருப்பாச்சேத்தி’ என்று கூவி விற்பவரிடம் இன்னும் உஷார். கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால் வெறும் தகடு பல்லிளிக்கும். உங்கள் ஊர்க் கொல்லரிடமே அடிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்தான், தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

அரிவாளுக்கு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் வருவார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதே வரியில் விலக்கு இருக்கிறது. வரப்பில் இருக்கும்வரை அது விவசாயக் கருவி. அதே அரிவாளைத் திருவிழாக் கூட்டத்துக்கோ பங்காளிச் சண்டைக்கோ எடுத்துப்போனால் விலக்கு உங்களைக் காப்பாற்றாது. பஸ்ஸில் கொண்டுபோனால் சாக்கில் சுற்றி மண்வெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். சோதனைச்சாவடியில் இந்த விதியைப் படித்தவர் நிற்பார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

விழுந்த தென்னையைத் துண்டு போட ரம்பம்தான், அரிவாள் வேலைக்காகாது. கிளையோடு மின்கம்பி பின்னிக் கிடந்தால் எதையும் எடுக்காதீர்கள். மின்வாரிய ஆட்கள் வந்து துண்டிக்கும்வரை, அவர்கள் எத்தனை நாள் கழித்து வந்தாலும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.