லிட்மஸ் சிவக்கவில்லை, ஆனாலும் ஈத்தைன் அமிலமா?

கேள்வி: கால்சியம் கார்பைடில் நீர் விட்டு ஈத்தைன் (அசிட்டிலீன்) வாயு தயாரித்தோம். நீல லிட்மஸ் சிவக்கவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும் மாற்றமில்லை. அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டில் மட்டும் வீழ்படிவு வந்தது. அதுவும் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாக. எங்கே தவறு?

பதில்: முதல் இரண்டில் தவறே இல்லை. ஈத்தைன் நீரைவிடவும் வலிமை குறைந்த அமிலம். அமில வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பு நீருக்கு 15.7, ஈத்தைனுக்கு 25. நீரே சிவக்கவைக்காத லிட்மஸை ஈத்தைன் சிவக்கவைக்காது. அதை அமிலம் என்பது ஈத்தீன் (44), ஈத்தேன் (ஏறத்தாழ 50) ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான். இந்த எண்ணில் 1 குறைந்தால் வலிமை 10 மடங்கு கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஈத்தைனின் இந்த அமிலத்தன்மைக்கு முப்பிணைப்புதான் காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது போதாது. புரோட்டான் நீங்கியதும் கார்பனில் தங்கும் எலக்ட்ரான் இணை எந்த ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் உலவும் வெளியில்) இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஸ் ஆர்பிட்டாலின் எலக்ட்ரான்கள் அணுக்கருவை நெருங்கியவை. அந்த இணை இருக்கும் ஆர்பிட்டாலில் எஸ் ஆர்பிட்டாலின் பங்கு, அதாவது எஸ் பண்பு, ஈத்தேனில் 25%, ஈத்தீனில் 33%, ஈத்தைனில் 50%. பங்கு கூடக்கூட எதிர்மின்சுமையைக் கரு இறுக்கிப் பிடிக்கிறது, எதிரயனி நிலைக்கிறது. பியூட்-2-ஐனிலும் முப்பிணைப்பு உண்டு. ஆனால் அந்தக் கார்பன்களில் ஹைட்ரஜன் இல்லை, எனவே வீழ்படிவும் இல்லை.

சோடியம் ஹைட்ராக்சைடோடு சமநிலை மாறிலி ஏறத்தாழ இருநூறு கோடியில் ஒரு பங்கு; கண்ணுக்கு எதுவும் தெரியாது. முழுதாக வினைபுரிய திரவ அம்மோனியாவில் சோடாமைடு என்ற மிக வலிய காரம் வேண்டும், துளி நீரும் கூடாது. அசிட்டிலைடு (புரோட்டான் இழந்த ஈத்தைனின் எதிரயனி) நீரிடமிருந்து புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். உங்கள் கார்பைடிலிருந்து வாயு வந்ததே அப்படித்தான்.

அப்படியென்றால் சில்வர் நைட்ரேட்டில் மட்டும் எப்படி? அங்கும் உருவாகும் அசிட்டிலைடு மிகச் சிறிதளவே. ஆனால் வெள்ளி அயனி அதை உடனுக்குடன் பிடித்துக் கரையாத திண்மமாக்கிவிடுகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சமநிலை முன்னே நகர்ந்துகொண்டே போகிறது.

கறுப்புக்குக் காரணம் கார்பைடின் மாசுகள். பாஸ்பீனும் ஹைட்ரஜன் சல்பைடும் வாயுவோடு வந்து வெள்ளியோடு கறுப்பு வீழ்படிவு தருகின்றன. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்த காப்பர் சல்பேட் கரைசல் வழியே வாயுவைச் செலுத்திய பிறகு சோதியுங்கள். சோதனைக் கரைசலை அப்போதைக்கப்போது தயாரியுங்கள்: சில்வர் நைட்ரேட்டில் நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாக விட, முதலில் வரும் பழுப்பு வீழ்படிவு கரையும். கரைந்த அந்த இடத்தில் நிறுத்துங்கள். அம்மோனியா மிகுந்தால் சோதனை மந்தமாகும். வைத்திருந்த பழைய கரைசல் வெடிக்கக்கூடும்.

சில்வர் அசிட்டிலைடு உலர்ந்தால் தட்டினாலே வெடிக்கும். வடிகட்டாதீர்கள், குழாயை மறுநாளுக்கு வைக்காதீர்கள். நிறம் பார்த்ததும், ஈரமாக இருக்கும்போதே, அருகில் தீயில்லாமல், கரைசல் அமிலத்தன்மை அடையும்வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். ஈத்தைன் வெளியேறி, அடியில் தங்குவது வெடிக்காத சில்வர் குளோரைடு.